நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்த டாக்டர்: கைக்குழந்தைகளிடம் ஆஸ்டியோபதி வந்து சேர்ந்த கதை

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய வடிவம்.)

இன்னைக்கு ஒரு ரீலில் இருந்து ஆரம்பிக்கலாம். நீங்களும் பாத்திருப்பீங்க.

ஒரு மாசமோ ரெண்டு மாசமோ ஆன குழந்தை, வெள்ளை விரிப்பு போட்ட மேஜையில் படுத்திருக்கும். ஒருத்தர் ரெண்டு கையையும் குழந்தையோட தலைக்கு அடியில் வெச்சுக்கிட்டு, கண்ணை மூடி, அசையாம உட்கார்ந்திருப்பார். அழுத்தறதும் இல்லை, தேய்க்கறதும் இல்லை. வீறிட்டு அழுதுக்கிட்டிருந்த குழந்தை மெதுவா அடங்கும். பக்கத்துல இருக்கற அம்மா கண்ணைத் துடைச்சுக்குவாங்க. கீழே ‘பீடியாட்ரிக் ஆஸ்டியோபதி’ன்னு எழுதியிருக்கும். கமெண்ட்ல பாதிப் பேர் “மேஜிக்”ம்பாங்க. மீதிப் பேர் “ஏமாத்து வேலை”ம்பாங்க.

அந்தச் சண்டைக்குக் கடைசியில வருவோம். அதுக்கு முன்னாடி எனக்கு வேற ஒரு கேள்வி. எலும்பு சம்பந்தப்பட்ட ஒரு வைத்தியம், எலும்பே இன்னும் சரியா இறுகாத ஒரு பச்சைக் குழந்தையோட தலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? இதுக்குப் பதில் தேடினா 160 வருஷம் பின்னாடி போக வேண்டியிருக்கு. அங்கேயும் ஒரு டாக்டர் இருக்கார், சில குழந்தைங்க இருக்காங்க. ஆனா அந்தக் குழந்தைங்க பிழைக்கலை.

கான்சஸ், 1864

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1828இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா மெதடிஸ்ட் சபையில் போதகர். கூடவே வைத்தியமும் பார்ப்பவர். குடும்பம் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் கான்சஸில் வந்து தங்கியது. ஸ்டில் அப்பாவுக்குப் பின்னாலேயே போய் வைத்தியம் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில், அந்தப் பக்கத்தில், டாக்டர் ஆக இதுதான் வழக்கமான வழி. உள்நாட்டுப் போர் வந்தபோது அடிமை முறையை எதிர்த்த வடக்குத் தரப்பில் சேர்ந்தார்.

போரில் இருந்து உயிரோடு வந்துவிட்டார். ஆனால் 1864இன் தொடக்கத்தில் அந்தப் பகுதியில் மூளைக்காய்ச்சல் பரவியது. மெனிஞ்ஜைடிஸ்னு சொல்றோமே, அதுதான். மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கிற சவ்வில் வருகிற தொற்று. ஸ்டில் வீட்டுப் பிள்ளைகளுக்கும் வந்தது. அவர் தானே டாக்டர். இருந்தும் தன் கையை மட்டும் நம்பாமல் மற்ற டாக்டர்களையும் வரவழைத்தார். போதகர்கள் வந்து ஜெபம் செய்தார்கள். அவருடைய சொந்தப் பிள்ளைகள் ரெண்டு பேர், தத்தெடுத்து வளர்த்த ஒரு பிள்ளை என மூன்று பேர் இறந்தார்கள். கொஞ்ச நாளில் நிமோனியா வந்து இன்னொரு பெண் குழந்தையும் போய்விட்டது.

நாலு பிள்ளைங்க. ஒரே வீட்ல.

அன்றைக்கு டாக்டர்களின் பையில் என்ன இருந்தது என்று பார்த்தால்தான் ஸ்டில்லின் கோபம் புரியும். முக்கியமான மருந்து கேலோமெல். அது பாதரசம் கலந்த ஒரு உப்பு. வாயில் எச்சில் ஒழுக ஆரம்பிக்கும் வரை கொடுப்பார்கள். ஒழுகினால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தார்கள். உண்மையில் அது பாதரச விஷம் ஏறியதற்கான அறிகுறி. அதோடு அபின், விஸ்கி, வயிற்றைக் கலக்கும் பேதி மருந்துகள். ரத்தத்தை வெட்டி வெளியேற்றும் பழக்கமும் அப்போது முழுதாக ஒழியவில்லை. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்ற கருத்து அந்த ஊர்ப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

ஸ்டில் கேட்ட கேள்வி இதுதான்: நம் கையில் இருக்கிற மருந்தெல்லாம் நோயாளியைக் காப்பாற்றுகிறதா, இல்லை, அவருக்கு இன்னொரு நோயைக் கொடுக்கிறதா? 1864இல் இது ரொம்ப நியாயமான கேள்வி. கேள்வி சரி. அவர் கண்டுபிடிச்ச பதில்தான் நம்ம இன்னைய கதை.

சீதபேதி வந்த பையன்

அடுத்த பத்து வருஷம் ஸ்டில் எலும்புகளோடு வாழ்ந்தார். இறந்தவர்களின் உடல்களைத் திறந்து பார்த்து, எலும்பு, தசை, ரத்தக்குழாய், நரம்பு என ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். உடம்பு ஒரு எந்திரம். அதில் ஒரு எலும்பு, முக்கியமாக முதுகெலும்பு, இம்மி விலகினாலும் ரத்த ஓட்டமும் நரம்பும் தடைபடும். நோய் அங்கேதான் பிறக்கிறது. அந்த விலகலைக் கையால் சரிசெய்தால் போதும், மற்றதை உடம்பே பார்த்துக்கொள்ளும். இந்தச் சிந்தனை தனக்குத் தெளிவான நாள் 1874 ஜூன் 22 என்று அவரே தேதி குறித்து வைத்திருக்கிறார். கிரேக்க மொழியில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு. அதில் இருந்துதான் ஆஸ்டியோபதி என்ற பெயர்.

இதைச் சொல்லிக் கொடுக்கணும்னு கான்சஸில் இருந்த பேக்கர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தக் கல்லூரி உருவாக அவருடைய குடும்பமே உதவியிருந்தது. ஆனாலும் அவரைப் பேச விடவில்லை. அவர் ஊரை விட்டுக் கிளம்பிப் பக்கத்து மாநிலமான மிசௌரிக்குப் போனார்.

அங்கே மேக்கன் என்ற ஊரில் நடந்த ஒரு சம்பவத்தை 1897இல் வந்த சுயசரிதையில் எழுதியிருக்கிறார். தெருவில் ஒரு நண்பரோடு நடந்துபோகிறார். முன்னால் ஒரு பெண் குழந்தைகளோடு போகிறாள். அதில் நாலு வயசு இருக்கிற ஒரு பையனுக்குச் சீதபேதி. நடக்க நடக்க ரத்தம் போகிறது. ஸ்டில் அவனைத் தூக்கிக்கொள்கிறார். முதுகில் கை வைத்தால் சுடுகிறது, வயிற்றில் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. முதுகை அங்கங்கே அழுத்தி, சூட்டையும் குளிர்ச்சியையும் சமப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை செய்கிறார். மறுநாள் அந்த அம்மா வந்து, பையன் தேறிவிட்டான் என்கிறாள். செய்தி ஊருக்குள் பரவி, அதே நோயோடு இன்னும் பலர் வருகிறார்கள்.

இங்க ஒரு நிமிஷம் நிக்கலாம். பொய் சொல்றார்னு நான் நினைக்கலை. பையன் தேறியிருக்கலாம். ஆனா சீதபேதி வந்த எத்தனையோ குழந்தைங்க எந்த வைத்தியமும் இல்லாமலே தேறுவாங்க, சிலர் தேற மாட்டாங்க. ஒரு பையன் மறுநாள் எழுந்து விளையாடினதை வெச்சு, கை வெச்சதுதான் காரணம்னு சொல்லிட முடியாது.

இன்னொண்ணும் இருக்கு. ஸ்டில் என்ன செஞ்சார்ங்கறதை விட, என்ன செய்யலைங்கறது முக்கியம். அந்தப் பையனுக்கு அவர் பாதரசம் கொடுக்கலை, அபின் கொடுக்கலை. அந்தக் காலத்துல குழந்தையைச் சும்மா விட்டாலே பிழைக்கற வாய்ப்பு கொஞ்சம் கூடும். அவரோட வைத்தியத்துக்குக் கிடைச்ச நல்ல பேருல ஒரு பங்கு இதுக்கும் சேரணும்.

1892இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில் ஊரில் ‘அமெரிக்கன் ஸ்கூல் ஆஃப் ஆஸ்டியோபதி’யை ஆரம்பித்தார். முதல் வகுப்பில் இருபது பேர் அளவில்தான் மாணவர்கள். அதில் பெண்களும் இருந்தார்கள். பல மருத்துவக் கல்லூரிகள் பெண்களை உள்ளேயே விடாத காலம் அது. கொஞ்ச வருஷத்தில் நோயாளிகள் ரயிலில் வந்து இறங்கும் ஊராக கிர்க்ஸ்வில் மாறியது.

அண்ணன் ஊசி போட்டார், தம்பி அறிக்கை எழுதினார்

கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் இங்கதான் வருது.

ஸ்டில்லின் பிள்ளைகளைக் கொண்டுபோன நோய் என்ன ஆனது? 1887இல் வியன்னாவில் ஆன்டன் வைக்செல்பாம் என்ற மருத்துவர், கொள்ளை நோயாகப் பரவும் மூளைக்காய்ச்சலுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் இதே நோய் பரவி ஆயிரக்கணக்கானவர்கள் இறந்தார்கள். அப்போது ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் இருந்த சைமன் ஃப்ளெக்ஸ்னர், குதிரைக்கு அந்தக் கிருமியைச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவான எதிர்ப்புச் சக்தியைப் பிரித்து, சீரம் தயாரித்தார். அந்தச் சீரத்தை முதுகெலும்புகளுக்கு இடையில் ஊசி போட்டு நேராகத் தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் நீரில் செலுத்தினார்கள். அதுவரை நோய் வந்தவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். 1913இல் ஃப்ளெக்ஸ்னர் வெளியிட்ட கணக்கின்படி, சீரம் பெற்ற சுமார் 1,300 பேரில் இறந்தவர்கள் பத்துக்கு மூன்று பேர்தான்.

ஸ்டில்லும் ஃப்ளெக்ஸ்னரும் ரெண்டு பேருமே முதுகெலும்புக்குத்தான் போனாங்க. ஒருத்தர் வெளியில கை வெச்சார், இன்னொருத்தர் உள்ள ஊசி போட்டார். குழந்தைகளைக் காப்பாத்தினது ஊசி.

சைமனுக்கு ஒரு தம்பி. பேர் ஏப்ரஹாம் ஃப்ளெக்ஸ்னர். மருத்துவர் இல்லை, கல்வியாளர். அமெரிக்கா, கனடா முழுக்க 155 மருத்துவக் கல்லூரிகளை நேரில் போய்ப் பார்த்து 1910இல் ஒரு அறிக்கை எழுதினார். மருத்துவக் கல்வியின் வரலாற்றில் பெரிய திருப்பமாக அமைந்த அறிக்கை. அதில் எட்டு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் தாளித்து எடுத்துவிட்டார். ஆய்வகம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஃபீஸ் வாங்குவது மட்டும் ஒழுங்காக நடக்கிறது என்கிற மாதிரி. அப்போது ஸ்டில் எண்பதைத் தாண்டிய முதியவர். 1917 டிசம்பரில் இறந்தார்.

அதற்குப் பிறகு ஆஸ்டியோபதி ரெண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் அந்தக் கல்லூரிகள் மருந்து, அறுவை சிகிச்சை எல்லாவற்றையும் பாடத்தில் சேர்த்துக்கொண்டு மெதுவாக முழு மருத்துவக் கல்லூரிகள் ஆகிவிட்டன. 1973க்குள் அம்பது மாநிலங்களிலும் அவர்களுக்கு முழு மருத்துவ உரிமை கிடைத்தது. 2020 அக்டோபரில் டிரம்ப்புக்குக் கொரோனா வந்தப்போ, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பேட்டி கொடுத்த ஷான் கான்லி ஞாபகம் இருக்கா? அவர் எம்.டி. இல்லை, டி.ஓ. ஸ்டில் வழியில் வந்த பட்டம்.

ஐரோப்பாவில் வேறு கதை. 1917இல் ஸ்டில்லின் மாணவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் லண்டனில் ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே ஆஸ்டியோபத் என்றால் மருத்துவர் இல்லை. கையால் சிகிச்சை செய்கிற தனித் தொழில்காரர். பிரிட்டனில் 1993லும் பிரான்சில் 2002லும் சட்டம் அந்தத் தொழிலை அங்கீகரித்தது. அதனால ரீலில் ஆஸ்டியோபத்னு பாத்தா, முதல்ல எந்த நாடுன்னு பாக்கணும். ஒரே பேர், ரெண்டு வேற வேற படிப்பு.

மீன் செவுளும் மண்டையோடும்

சரி, முதுகு வரைக்கும் வந்தாச்சு. தலைக்கு எப்போ போனாங்க?

1899. கிர்க்ஸ்வில் கல்லூரியில் வில்லியம் கார்னர் சதர்லேண்ட் என்ற மாணவர். முன்னால் பத்திரிகையில் வேலை பார்த்தவர். கல்லூரியில் பாகம் பாகமாகப் பிரித்து வைத்திருந்த ஒரு மண்டையோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். காதுக்கு மேலே எலும்புகள் சேரும் விளிம்பு சரிவாகச் சீவிவிட்டது மாதிரி இருக்கிறது. மீனின் செவுள் மாதிரி இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றுகிறது. செவுள் அசையும், மூச்சு விடும். அப்படியானால் மண்டையோட்டு எலும்புகளும் மூச்சு விடுவது மாதிரி அசைகின்றனவோ?

இந்த யோசனை அவரை விடவில்லை. தன் தலையிலேயே தோல்பட்டைகளையும் கவசங்களையும் கட்டி இறுக்கிப் பரிசோதனை செய்தார். அந்த நாட்களில் அவருடைய மனநிலையும் நடத்தையும் மாறியதை அவர் மனைவி ஏடா பின்னாளில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் சொல்கிறார். 1939இல் சதர்லேண்ட் ‘தி கிரேனியல் பவுல்’ என்ற சிறிய புத்தகத்தை வெளியிட்டார். தலை எலும்புகளுக்கும் தண்டுவட நீருக்கும் ஒரு தாளம் இருக்கிறது, பழகிய கைக்கு அது தெரியும், தடைபட்டால் மென்மையாகத் தொட்டுச் சரிசெய்யலாம் என்பதுதான் சாரம். ரீலில் அந்த ஆள் கண்ணை மூடிக்கிட்டு எதையோ கேக்கற மாதிரி உட்கார்ந்திருந்தாரே, அவர் தேடறது இந்தத் தாளத்தை.

இங்கிருந்து குழந்தைகளுக்கு வர ஒரே ஒரு எட்டுதான். பிறந்த குழந்தையின் தலை எலும்புகள் உண்மையிலேயே ஒன்றோடொன்று சேர்ந்திருக்காது. உச்சிக்குழி தொட்டால் மெத்தென்று இருக்கும். பின்மண்டையின் ஒரே எலும்பு பிறக்கும்போது நாலு துண்டாக இருக்கும். பிரசவத்தில் இந்த எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறித்தான் தலை வெளியே வரும். அதனால் பிறந்தவுடன் தலை நீளமாகத் தெரிவதும் உண்டு. பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே உருண்டைக்கு வந்துவிடும். இதெல்லாம் எந்தக் குழந்தை மருத்துவரும் ஒத்துக்கொள்கிற உண்மை.

சதர்லேண்டும் அவர் வழி வந்தவர்களும் அதற்கு மேல் ஒரு மாடி கட்டினார்கள். பிரசவ நேரத்து நெரிசல் சில குழந்தைகளுக்குச் சரியாவதில்லை. பால் குடிக்காதது, ஓயாமல் அழுவது, தூங்காதது, பின்னாளில் படிப்பில் சிரமம் என எல்லாவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்றார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு நாம சொல்ற அதே தர்க்கம்: எலும்பு இறுகறதுக்குள்ள சரிசெஞ்சுடணும்.

1966இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் வயோலா ஃப்ரைமன் 1,250 பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்து ஒரு ஆய்வு வெளியிட்டார். பெரும்பாலான குழந்தைகளின் தலையில் ஏதோ ஒரு இறுக்கம் இருப்பதாக அவருடைய கைகள் கண்டன. உலகம் முழுக்கக் குழந்தைகளுக்கான ஆஸ்டியோபதி இந்த ஆய்வை அடித்தளமாக எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல். இறுக்கம் இருக்கிறதா என்று சொல்வது ஒரு கருவி இல்லை, தேடுகிறவரின் கை. பின்னாளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஆளின் தலையில் ஒரு நிபுணர், பாதத்தில் இன்னொரு நிபுணர், ஒரே நேரத்தில் தாளத்தை எண்ணினார்கள். ரெண்டு பேரின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை. ஒரே பாட்டைக் கேக்கற ரெண்டு பேர் வேற வேற தாளம் போட்டா, பாட்டு ஓடுதாங்கற சந்தேகம் வருமா வராதா?

ஆறாவது வாரம்

அப்போ எதனால இவ்வளவு அம்மா அப்பா “எங்க குழந்தைக்குச் சரியாச்சு”ங்கறாங்க? அவங்க எல்லாரும் ஏமாந்தவங்களா? இல்லை. இதுக்கு அழுகையோட கணக்கைப் புரிஞ்சுக்கணும்.

1954இல் மோரிஸ் வெசல் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய சகாக்களும் காலிக் என்பதற்கு ஒரு அளவுகோல் கொடுத்தார்கள். மற்றபடி ஆரோக்கியமான குழந்தை ஒரு நாளைக்கு மூணு மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூணு நாளுக்கு மேல், மூணு வாரத்துக்கு மேல் அழுதால் அது காலிக். 1962இல் பெர்ரி பிரேஸல்டன் என்ற மருத்துவர் 80 குழந்தைகளின் அம்மாக்களை நாட்குறிப்பு எழுதச் சொன்னார். காலிக் இல்லாத சாதாரணக் குழந்தைகளுக்கும் ஒரு வளைவு தெரிந்தது. பிறந்த சில நாட்களில் அழுகை ஏற ஆரம்பிக்கிறது, ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகிறது, அப்புறம் இறங்குகிறது. மூணு நாலு மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது.

இப்போ ஒரு வீட்டை யோசிச்சுப் பாருங்க. ஆறாவது வாரம். ராத்திரி மூணு மணி. அம்மா தூங்கி ஒரு மாசம் ஆச்சு. டாக்டர் பாத்துட்டு “ஒண்ணுமில்லை, போகப் போகச் சரியாயிடும்”னு அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டார். இதுக்கு மேல தாங்காதுன்னு ஒரு நாள் ஆஸ்டியோபத்கிட்ட போறாங்க. அவங்க போற நாள், வளைவோட உச்சி. அங்கிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இறக்கம்தான். அடுத்த ரெண்டு மூணு வாரத்துல அழுகை குறையுது. கண் முன்னால நடந்ததை யாரால நம்பாம இருக்க முடியும்? மேக்கன் தெருவில அந்தச் சீதபேதிப் பையனுக்கு நடந்ததும் இதே கணக்குதான்.

1990களில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. குழந்தைகளைக் குப்புறப் போடாமல் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991இல் பிரிட்டனிலும் 1992இல் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோகும் சம்பவங்கள் அதற்குப் பிறகு பாதிக்கு மேல் குறைந்தன. ஆனால் ஒரே பக்கமாகப் படுத்துப் பின்மண்டை தட்டையாகும் குழந்தைகள் அதிகமானார்கள். அது பெரும்பாலும் மூளையைப் பாதிக்காது. உட்கார்ந்து தவழ ஆரம்பித்ததும் பலருக்குத் தானாகவே மேம்படும். ஆனாலும் பெற்றவர்களுக்குப் பயம். தலையின் வடிவத்தைக் கையால் சரிசெய்யலாம் என்று சொல்லும் தொழில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

சோதனைச் சாலையில்

2006இல் பிரிட்டனில் காலிக் இருந்த 28 குழந்தைகளை வைத்து ஒரு சிறிய ஆய்வு. கிரேனியல் ஆஸ்டியோபதி பெற்ற குழந்தைகளின் அழுகை நன்றாகவே குறைந்தது. ஆனால் எந்தக் குழந்தைக்குச் சிகிச்சை நடந்தது என்று பெற்றோருக்குத் தெரியும். அழுகை நேரத்தைக் குறித்ததும் அவர்களே. 2012இல் காக்ரன் அமைப்பு, கையால் செய்யும் சிகிச்சைகள் பற்றிய ஆறு ஆய்வுகளை, மொத்தம் 325 குழந்தைகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மொத்தமாகப் பார்த்தால் அழுகை குறைந்தது. சிகிச்சை நடந்ததா இல்லையா என்று பெற்றோருக்கே தெரியாமல் நடத்திய ஆய்வுகளை மட்டும் எடுத்துப் பார்த்தால், நம்பத்தகுந்த வித்தியாசம் மிஞ்சவில்லை.

ஆஸ்டியோபத்துகளே நேர்மையாக ஒரு சோதனையும் செய்தார்கள். பிரிட்டனில் காலிக் குழந்தைகளை ரெண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முறையான மென்தொடுதல் சிகிச்சை. இன்னொரு குழுவுக்கு எந்தச் சிகிச்சை நோக்கமும் இல்லாமல் சும்மா மென்மையாகத் தொடுதல். அழுகை நேரத்தில் ரெண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

என்னை ரொம்ப யோசிக்க வெச்சது 2011இல் இங்கிலாந்தில் வந்த ஒரு ஆய்வு. பெருமூளை வாதம், அதாவது செரிப்ரல் பால்சி, இருக்கிற 142 குழந்தைகள். ஐந்து முதல் பன்னிரண்டு வயது. பாதிப் பேருக்கு ஆறு தடவை கிரேனியல் ஆஸ்டியோபதி. மற்றவர்களின் பெற்றோருக்கு, அவர்கள் பேசுவதைப் பொறுமையாகக் கேட்க ஒருவர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் குழந்தைகளின் அசைவில், வலியில், தூக்கத்தில் நம்பத்தகுந்த மாற்றம் எதுவும் இல்லை. ஆனால் ‘மொத்தத்தில் உங்கள் குழந்தை எப்படி இருக்கிறது’ என்று கேட்டபோது, சிகிச்சைக்குப் போன குழந்தைகளின் பெற்றோர்தான் ‘முன்னைவிடப் பரவாயில்லை’ என்று அதிகம் சொன்னார்கள்.

அவங்க பொய் சொல்லலை. தன் குழந்தைக்காக ஒருத்தர் முழுசா உட்கார்ந்து, அவசரப்படாம, பயப்படாம அந்த உடம்பைத் தொட்டது அவங்களுக்குப் பெரிய விஷயமா இருந்திருக்கும்னு எனக்குத் தோணுது. அது குழந்தையோட நடையை மாத்தலை.

தொடுதலே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 1986இல் டிஃபனி ஃபீல்டும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தினமும் மென்மையாகத் தடவிக் கொடுத்து, கைகால்களை மடக்கி நீட்டினார்கள். தடவப்படாத குழந்தைகளைவிட அவர்கள் ஒரு நாளைக்கு 47 சதவீதம் அதிகமாக எடை கூடினார்கள். 2015இல் இத்தாலியில் 695 குறைமாதக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்டியோபதி சேர்த்துக் கொடுத்தவர்கள் சுமார் நாலு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். அது எலும்பைச் சரிசெய்ததாலா, இதமான கையாலா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அரசாங்கங்களும் பார்த்துக்கொண்டு சும்மா இல்லை. பிரான்சில் மருத்துவர் அல்லாத ஆஸ்டியோபத் ஒருவர், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் தலை, முகம், முதுகெலும்பு ஆகியவற்றில் சிகிச்சை செய்வதானால், ஆபத்தில்லை என்ற மருத்துவச் சான்றிதழ் முதலில் வேண்டும் என்று 2007இல் விதி வந்தது. பிரிட்டனில் காலிக்கைக் குணப்படுத்துகிறோம் என்று ஆஸ்டியோபத்துகள் விளம்பரம் செய்யக்கூடாது என்று 2016இல் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தெளிவுபடுத்தியது.

45ஆம் நாள்

மெதுவாத் தொடறதுல என்ன கெட்டுடப் போகுதுன்னு கேக்கலாம். பெரும்பாலும் ஒண்ணும் கெடாது. பயம் வேற இடத்துல இருக்கு. ஓயாத அழுகை எப்பவுமே காலிக்கா இருக்காது. மூணு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், பால் குடிக்க மறுக்கறது, எழுப்பினாலும் துவண்டு கிடக்கறது, வலிப்பு, உச்சிக்குழி புடைச்சு நிக்கறது, இதுல எது இருந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். இது மூளைக்காய்ச்சலா இருக்கலாம். ஸ்டில்லோட பிள்ளைகளைக் கொண்டுபோன நோய்க் குடும்பம். கைக்குழந்தைக்கு அது வந்தா, பெரியவங்களுக்கு வர மாதிரி கழுத்து விறைக்கணும்னு கட்டாயமில்லை. ‘தலை இறுக்கம், மூணு சிட்டிங்ல சரியாயிடும்’னு ஒரு நாள் போச்சுன்னா அந்த ஒரு நாளுக்கு விலை ரொம்பப் பெரிசு.

இந்தக் கதை தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ற ஒரு இடம் இருக்கு. சின்னக் குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வரவைக்கிற இன்னொரு முக்கியமான கிருமி ஹிப். அதற்கான தடுப்பு மருந்து அடங்கிய பென்டாவேலன்ட் தடுப்பூசியை இந்திய அரசு 2011 டிசம்பரில் முதலில் தொடங்கியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுகிறார்கள். முதல் தவணை ஆறாவது வாரத்தில். வீட்ல ‘45ஆம் நாள் ஊசி’ன்னு சொல்வாங்களே, அதுதான்.

ஆறாவது வாரம். அழுகை உச்சத்துல இருக்கற அதே வாரம். குழந்தை ஊசி போட்டதும் வீறிட்டு அழும், அன்னைக்கு ராத்திரி காய்ச்சலும் வரலாம். எந்த ரீலும் அதைப் போடாது. ஆனா 1864இல் ஸ்டில் தேடினது இதைத்தான்.

அவர் கேட்ட கேள்விக்கு நான் இன்னைக்கும் மரியாதை கொடுப்பேன். ஒரு வைத்தியம் நிஜமாவே குழந்தையைக் காப்பாத்துதான்னு கேக்கற துணிச்சல் அவருக்கு இருந்தது. அதே கேள்வியை அவர் பேரால நடக்கற வைத்தியத்துக்கிட்டயும் கேட்டா, தலை எலும்போட தாளத்துக்கு ஆதாரம் கிடைக்கலை. கிடைச்சது ஒண்ணு, கைக்குழந்தை வெச்சிருக்கற அம்மா அப்பாவுக்கு யாராவது முழுசா ஒரு அரை மணி நேரம் கொடுக்கணும்ங்கறது. அதுக்கு ஆஸ்டியோபத் தேவையில்லை. நீங்க போகலாம். உங்க அக்காவோ நண்பரோ அந்த ஆறாவது வாரத்துல இருந்தா, ஒரு சாயந்திரம் போய், “நீ போய்த் தூங்கு, நான் வெச்சுக்கறேன்”னு சொல்லிக் குழந்தையை வாங்கிக்கோங்க.

தனியா இருந்து, கோபம் தலைக்கேறினா, குழந்தையை மட்டும் உலுக்கவே கூடாது. மல்லாக்கப் பத்திரமா படுக்க வெச்சுட்டு, பக்கத்து அறைக்குப் போய் அஞ்சு நிமிஷம் மூச்சு வாங்கிட்டு வாங்க. அழுதுக்கிட்டே இருக்கட்டும், பரவாயில்லை.

அவ்வளவுதான் இன்னைக்கு. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.